புது வருடக் கணக்கும் அறிஞர் சித்திலெப்பையும்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைத்தெருக்களில் புதிய கலண்டர்களும் டயறிகளும் தொங்கத் தொடங்கிவிடும். அதே வாரத்தில் நமது வாட்ஸ்அப் குழுக்களிலும் இரண்டு வகையான செய்திகள் வந்து குவியும். ஒன்று, வரப்போகும் வருடத்தில் செய்ய வேண்டிய உறுதிமொழிகளின் பட்டியல். மற்றது, ஜனவரி முதலாம் திகதியை முஸ்லிம்கள் கொண்டாடலாமா என்ற விவாதம். ஜனவரி இரண்டாம் வாரத்தில் இரண்டும் அடங்கிவிடும். பட்டியல் போட்டவர் பட்டியலை மறந்திருப்பார். விவாதித்தவர் வேறொரு விவாதத்துக்குப் போயிருப்பார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுகிறது. முடிந்துபோன நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதுதான் அந்தக் கேள்வி. மார்க்கம் இதற்கு முஹாஸபா என்று பெயர் வைத்திருக்கிறது. தன்னைத் தானே கணக்குப் பார்ப்பது என்று பொருள். ஒவ்வோர் ஆத்மாவும் நாளைக்காகத் தான் எதை முன்கூட்டி அனுப்பியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும் என ஸூரா அல்ஹஷ்ரின் 18ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன் நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளும்படி உமர் (ரலி) அவர்கள் உபதேசித்ததும் நாம் அறிந்ததே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, நஃப்ஸை ஒரு வியாபாரக் கூட்டாளிக்கு ஒப்பிடுகிறார்கள். கூட்டாளியோடு முதலில் நிபந்தனை பேசுகிறோம், வியாபாரம் நடக்கும்போது கவனிக்கிறோம், கடை மூடும்போது கணக்குப் பார்க்கிறோம். அதில் கண்டிப்பும் உண்டு. ஆனால் கூட்டாளியைக் கடையை விட்டுத் துரத்துவதற்காக எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. அடுத்த நாளும் அவனோடுதான் வியாபாரம் செய்ய வேண்டும்.

மலையகத்தில் வாழும் நமக்கு இது புதிய பாடமல்ல. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவரின் கூடை அன்றன்றே நிறுக்கப்படுகிறது. கணக்கப்பிள்ளை அன்றன்றே எழுதிக்கொள்கிறார். அன்றைக்குப் பேரா, அரைப்பேரா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். வருடம் முழுவதும் பறித்துவிட்டு டிசம்பர் 31ஆம் திகதி நிறுப்போம் என்று எந்தத் தோட்டத்திலும் சொல்வதில்லை. நமது கடைகளிலும் அப்படித்தான். கடன் கொப்பியை வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் புரட்டுகிற முதலாளியின் கடை நெடுநாள் நிற்காது. கொழுந்துக்கும் காசுக்கும் நாம் தருகின்ற இந்த மரியாதையை நம் நஃப்ஸுக்குத் தருவதில்லை.

அன்றாடக் கணக்கை மென்மையாகப் பார்த்து, அதன்படி வாழ்வை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்ட ஒருவர் நம் மலைநாட்டிலேயே பிறந்து வாழ்ந்திருக்கிறார். பாடசாலைப் புத்தகத்தில் படித்துவிட்டு நாம் கடந்து போகிற பெயர்தான் அது: அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பை (ரஹ்).

1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் அவர் பிறந்தார். வாப்பாவும் சட்டத்துறையில் இருந்தவர். அரபு, தமிழ், ஆங்கிலம், சிங்களம் ஆகிய மொழிகளைப் பிள்ளைப் பருவத்திலிருந்தே கற்றுத் தேறும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அன்றைய முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகக் கிடைக்காத வாய்ப்பு அது. ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்தன. பிள்ளையை அங்கே அனுப்பினால் ஈமான் போய்விடும் என்ற அச்சம் பெற்றோரிடம் இருந்தது. அந்த அச்சத்தைக் காரணமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள்தான்.

1862இல் சித்திலெப்பை புரொக்டரானார். அப்போது அவருக்கு வயது 24. பின்னர் உயர் நீதிமன்றத்தில் வாதாடும் தகுதியும் பெற்றார். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார், பதில் நீதவானாகவும் கடமையாற்றினார். ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு கண்டி முஸ்லிம் எட்டக்கூடிய உயரங்களில் அது ஒன்று. பெயர், வருமானம், மரியாதை எல்லாம் இருந்தன. அங்கேயே நின்றிருந்தால் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் சட்டத்தொழில் செய்த அந்த இருபது வருடங்களில்தான் மலைநாட்டின் தலையெழுத்தே மாறியது. கண்டி அப்போது கோப்பித் தோட்டங்களின் தலைநகர் மாதிரி. 1867இல் ரயில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்ததே முக்கியமாகக் கோப்பிக்காகத்தான். 1869இல் கோப்பி இலையில் ஒரு நோய் தென்பட்டது. இலையின் அடியில் துரு போலப் படர்ந்து விளைச்சலைத் தின்னும் நோய் அது. ஆனால் அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கான விளைச்சல் குறைந்தாலும் கையில் வந்த காசு குறையவில்லை. அதனால் துரைமார் நோயைப் பெரிதாக எடுக்காமல், மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியையே நட்டார்கள். ஏறக்குறையப் பத்து வருடங்கள் இப்படியே போயின. விலை விழுந்தபோதுதான் கணக்கு வெளியே வந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியே சரிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து உழைத்த தொழிலாளர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

இதே காலத்தில் இன்னொன்றும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. 1867இல் லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் இங்கிலாந்துக்குப் போன இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். கோப்பி மூட்டைகளுக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. பெரிய ஆரவாரத்தோடு நடந்தது அழிந்துபோக, சிறிதாகத் தொடர்ந்து நடந்ததே மலைநாட்டைக் காப்பாற்றியது. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம் நம் மலைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கண்டி நீதிமன்றத்தில் இருந்த சித்திலெப்பை இந்த வீழ்ச்சியை அருகிலிருந்து பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவர். நோய் தெரிந்தும் கணக்குப் பார்க்கத் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு அவருக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டிருக்காது. தன் சமூகத்திலும் ஒரு நோய் படர்ந்திருப்பதை அவர் கண்டார். வியாபாரத்தில் காசு வந்துகொண்டிருந்ததால் கல்வியில் நாம் பின்தங்கியிருப்பது எவருக்கும் உறைக்கவில்லை. கோப்பிக்கு நல்ல விலை இருந்தவரை இலை நோய் உறைக்காததைப் போலவேதான் இதுவும்.

1882 டிசம்பர் 21ஆம் திகதி அவர் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 44 வயது. நீதிமன்ற ஆசனத்தில் இருந்து பழகியவர், சமூகத்தின் குறைகளை எழுதப் போகிறவர், அந்தப் பத்திரிகைக்கு வைத்த பெயரை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். எச்சரிக்கை செய்பவன் என்றோ கண்டிப்பவன் என்றோ அவர் பெயர் வைக்கவில்லை. 'முஸ்லிம் நேசன்' என்று வைத்தார்.

நீதிபதியும் நேசனும் ஒரே குறையைத்தான் பார்க்கிறார்கள். நீதிபதிக்குத் தீர்ப்புச் சொன்னவுடன் வேலை முடிந்துவிடும், அடுத்த வழக்கை அழைப்பார். நேசனுக்கு அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். குறையைச் சொன்னவனே கூட நின்று திருத்தவும் வேண்டும். புது வருட உறுதிமொழிகள் பெரும்பாலும் தோற்றுப்போவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு நாளில் நாம் நமக்கே நீதிபதியாகி, கடந்த வருடம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, கடுமையான தண்டனைப் பட்டியல் ஒன்றை எழுதிவிடுகிறோம். பிறகு நம்மோடு கூட நடக்க ஆளில்லை. முதல் தவறிலேயே மனம் விட்டுப்போகிறது.

சித்திலெப்பை சொன்னதோடு நிற்கவில்லை. கூடவே நடந்தார். 1883 ஜனவரியில் எகிப்தின் அராபி பாஷாவை ஆங்கிலேயர் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். தன் நாட்டுக்காகப் போராடித் தோற்று வந்த அந்த மனிதரோடு சித்திலெப்பை நெருங்கிப் பழகினார். 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா என்ற பெயரில் முஸ்லிம் பிள்ளைகளுக்கான பாடசாலை தொடங்கப்பட்டது. மார்க்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின் கீழ் படிக்கலாம், ஈமானையும் இழக்க வேண்டியதில்லை, காலத்தையும் இழக்க வேண்டியதில்லை என்பதுதான் நோக்கம். பெற்றோரின் அச்சத்தை அவர் ஏளனம் செய்யவில்லை, அந்த அச்சம் தீரும் வழியைக் கட்டித் தந்தார்.

அந்த முதல் முயற்சி நினைத்தபடி செழிக்கவில்லை. சமூகத்தின் ஆதரவு போதவில்லை. பாடசாலை தளர்ந்துபோனது. ஓர் உறுதிமொழியாக அதை எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தோல்வி என்று எழுதி, கொப்பியை மூடியிருப்பார். ஆனால் தேயிலையில் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருக்கிறோம். குச்சி குச்சியாக, செத்துப்போனது மாதிரி நிற்கும். அறியாதவர் பார்த்தால் தோட்டமே அழிந்துவிட்டது என்பார். தோட்டத்தில் பிறந்தவருக்குத் தெரியும், வேர் உயிரோடு இருக்கிறது, கொழுந்து வரும் என்று.

கொழுந்து வந்தது. எட்டு வருடங்களுக்குப் பிறகு, 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. வாப்பிச்சி மரிக்கார், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றவர்களின் உழைப்பும் அராபி பாஷாவின் ஆதரவும் அதில் இருந்தன. அந்த மத்ரஸாதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. பிற்காலத்தில் அதிபர் டி.பி. ஜாயா அவர்களின் காலத்தில் ஸாஹிராவின் கிளைகள் கம்பளையிலும் மாத்தளையிலும் தோன்றின. கண்டியில் பிறந்தவர் கொழும்பில் ஊன்றிய விதை மலைநாட்டுக்கே திரும்பி வந்தது என்று சொல்லலாம். அதைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை.

இடைப்பட்ட அந்த எட்டு வருடங்களில் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கும்போதுதான் இந்த மனிதரின் இயல்பு தெரிகிறது. பெரிய கதவு திறக்காதபோது சிறிய கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார். பத்திரிகையைத் தொடர்ந்தார். பிள்ளைகள் அரபு இலக்கணத்தை இலகுவாகக் கற்க நூல் எழுதினார். 1885இல், ரயில் நானுஓயாவை எட்டிய அதே வருடத்தில், 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்வார்கள். எகிப்தில் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, வேறு நாட்டில் வளர்ந்த ஒருவன் தான் யார் என்று கண்டுகொள்ளும் கதை அது. தான் யார் என்பதை மறந்திருந்த ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறென்ன இருக்க முடியும்? அல்லாஹ்வை மறந்ததால் தங்களையே மறக்கும்படி ஆக்கப்பட்டவர்களைப் போல் ஆகிவிட வேண்டாம் என்று ஸூரா அல்ஹஷ்ரின் அடுத்த வசனம் எச்சரிப்பதும் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு காரியத்தையும் குறிப்பிட வேண்டும். ஆண் பிள்ளைகளின் கல்வியே கேள்விக்குறியாக இருந்த காலத்தில் அவர் கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தார். அதில் கற்பிக்கும் பணிக்குத் தன் சொந்தச் சகோதரியையே கொண்டுவந்தார். பெண்கள் படிக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது இலகு. நம் வீட்டுப் பெண்ணை முதலில் அனுப்புவதுதான் கடினம். கணக்கைத் தன் வீட்டிலிருந்து தொடங்கிய எவரும் மற்றவரின் கணக்கைக் கடுமையாகப் பார்ப்பதில்லை. தனக்கே எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

1892இல் 'ஞானதீபம்' என்ற மாத இதழையும் நடத்தினார். வாழ்வின் கடைசிப் பகுதியில் அவருடைய பேனா மேலும் உள்நோக்கித் திரும்பியது. 1897இல் 'அஸ்ராறுல் ஆலம்' வெளிவந்தது. பிரபஞ்சத்தின் இரகசியங்கள் என்று பொருள்படும் அந்த நூல் ஆன்மீக ஞானத்தைப் பேசுவது. வெளியே பாடசாலையும் பத்திரிகையும் என்று ஓடிக்கொண்டிருந்த மனிதரின் உள்ளே இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த வருடம், 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அவர் கண்டியில் வஃபாத்தானார். 60 வயதைக்கூட எட்டவில்லை. அந்த வாழ்வில் எங்கேயும் ஒரே இரவில் எல்லாம் மாறிய நாள் ஒன்று இல்லை. 20 வருடம் வக்கீல் தொழில், பிறகு ஒரு பத்திரிகை, பிறகு ஒரு பாடசாலை, அது தளர்ந்ததும் மறுபடி ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிய வாழ்வு அது.

இப்போது நமது ஊர்களுக்கு வருவோம். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. மலையகத்தின் சிறு நகரங்களில் வாழும் நம்மிடம் அவர் விட்டுச் சென்ற கேள்விகள் இன்னும் முடியவில்லை. கடையில் ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று சாதாரண தரப் பரீட்சையோடு மகனை நிறுத்திவிடும் பழக்கம் முற்றாகப் போய்விட்டதா? மகளுக்கு நல்ல பெறுபேறு வந்தும் தூரத்துப் பாடசாலைக்கு அனுப்பத் தயங்குகிறோமா? நம் கடன் கொப்பியில் பெயர் இருக்கும் தோட்டத்துத் தாய் சம்பள நாளில் வந்து நிற்கும்போது, அவருக்கு விளங்கும்படி கணக்கைச் சொல்கிறோமா? அவர் கொழுந்து பறித்துத்தான் நம் கடைத்தெரு நிற்கிறது. அவரோடு நாம் பேசும் தொனிக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. ஐந்து வேளைத் தொழுகையைப் பற்றிப் பேசும் முஹாஸபா, தராசையும் நாவையும் விட்டுவிட்டால் அது பாதிக் கணக்குத்தான்.

இதை வாசிக்கும்போது மனம் பாரமாகிறது என்றால், அங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். தன்னைத் தானே திட்டித் தீர்ப்பது முஹாஸபா ஆகாது. சிலர் தங்கள் பாவங்களை எண்ணி எண்ணியே சோர்ந்து, இனி என்னால் முடியாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஷைத்தானுக்கு அதைவிடச் சந்தோஷமான காரியம் வேறில்லை. பாவங்கள் மன்னிக்கப்பட்ட நமது நபி (ஸல்) அவர்களே ஒரு நாளில் எழுபது தடவைக்கும் மேலாகப் பாவமன்னிப்புத் தேடினார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அது ஒவ்வொரு நாளும் நடந்தது. வருடத்துக்கு ஒரு தடவை பெரிதாகச் செய்து முடிக்கிற சடங்காக இஸ்திஃபார் நமக்குத் தரப்படவில்லை.

ஆகவே இந்த ஜனவரியில் நீண்ட பட்டியல் எதுவும் வேண்டாம். இஷாத் தொழுது, கடையும் மூடி, வெளியே பனி இறங்கும் நேரத்தில், தூங்கப் போகும் முன் ஐந்து நிமிடம் போதும். ஃபோனை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று கேள்விகளை நம்மிடமே மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம். இன்று அல்லாஹ் எனக்குத் தந்ததில் நான் கவனிக்காமல் விட்டது எது? இன்று என் சொல்லாலோ செயலாலோ நோகடிக்கப்பட்டவர் யார்? நாளைக்கு நான் சரிசெய்யக்கூடிய மிகச் சிறிய காரியம் எது? முதலாவதற்கு அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவதற்கு அஸ்தஃபிருல்லாஹ், கூடவே அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை. மூன்றாவதற்கு பிஸ்மில்லாஹ். ஒரு நாள் மறந்துவிட்டால் அடுத்த நாள் தொடரலாம். மழைக்கு ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அதற்காக எவரும் கூடையைத் தூக்கி எறிவதில்லை.

பிள்ளைகளோடும் இதைச் செய்யலாம். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் மட்டும் நீதிபதியாக முன்னால் வந்து நிற்கும் வாப்பாவைவிட, இரவுச் சாப்பாட்டின்போது இன்றைக்கு என்ன நல்லது நடந்தது மகன், எது கஷ்டமாக இருந்தது மகள் என்று கேட்கும் வாப்பாவே பிள்ளைக்கு நேசன். நமது ஜமாஅத்துகளுக்கும் இது பொருந்தும். வருடாந்தக் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பதோடு சேர்த்து, நம் மஹல்லாவில் இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டார்கள் என்ற கணக்கையும் வாசித்தால், அது சித்திலெப்பை அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாக இருக்கும்.

நம் உள்ளங்களின் கணக்கை நேர்மையாகவும் மென்மையாகவும் பார்க்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. அறிஞர் சித்திலெப்பை அவர்களின் கப்றை ஒளியாக்கி, அவர்கள் ஏற்றிய விளக்கை நம் பிள்ளைகளின் கைகளில் அணையாமல் காப்பானாக. ஆமீன்.